மாடிப் போர்ஷனும் மூன்று சதவீதமும்

தாம்பரத்தில் ஒரு காலத்தில் வீட்டைக் கட்டியவரும் வாடகைக்கு விட்டவரும் அதன் கீழ்த்தளத்தில் குடியிருந்தவரும் ஒரே ஆள்தான். ஒரு கிரவுண்டு மனை, அதாவது 2,400 சதுர அடி. முன்பக்கம் முருங்கை, பின்பக்கம் கிணறு, துவைகல், நடுவில் இரண்டு அறைகளும் ஒரு கூடமும். மகளுக்குக் கல்யாணம் முடிந்து, வேலையிலிருந்து ஓய்வுபெற்று, வருங்கால வைப்பு நிதிப் பணம் கைக்கு வந்தபின் மாடியில் ஒரு போர்ஷன் எழும்பும். வெளிப்புறமாக ஒரு மாடிப்படி, தனியாக ஒரு மின்சார மீட்டர், கேட்டில் சுண்ணாம்பால் எழுதிய ‘டூ லெட்’. முதலீடு என்று யாரும் அதைச் சொன்னதில்லை. ‘வயசான காலத்துல கைச்செலவுக்கு ஆச்சு’ என்பதோடு பேச்சு முடிந்தது.

இன்று அதே தெருவில் வீடு வாங்குகிறவர் பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார். வாங்கிய பிளாட்டில் அவர் ஒரு இரவுகூடத் தங்கியிருக்கமாட்டார். வாடகை வங்கிக் கணக்கில் விழுகிறது, சாவி புரோக்கரிடம் இருக்கிறது. அவரது முதல் கேள்வி வாடகை எவ்வளவு வரும் என்பதல்ல, ஐந்து வருடத்தில் விலை எவ்வளவு ஏறும் என்பது.

தாம்பரத்துக்கு வாடகைக்காரர்கள் வரக் காரணமாக இருந்தவை இந்த ஊருக்குக் கொஞ்சம் விசித்திரமான வரிசையில் வந்து சேர்ந்தன. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோய் மருத்துவமனை தொடங்கினார். காற்று நன்றாக இருக்கிறது என்பதற்காகத்தான் நோயாளிகள் பட்டணத்தை விட்டு இங்கே வந்தார்கள். சானடோரியம் ரயில் நிலையத்தின் பெயரில் அந்தக் காற்று இன்னும் இருக்கிறது. 1931-ல் கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜ் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. 1937-ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனைப் பக்கமிருந்து கிழக்குத் தாம்பரத்துக் காட்டுக்குள் குடிபெயர்ந்தது. விமானப்படைத் தளம் வந்தது. 1984-ல் ஏற்றுமதி வளாகமான மெப்ஸ் வந்தது. ஆக, மாடிப் போர்ஷனுக்கு வந்தவர்கள் கல்லூரி விரிவுரையாளர்கள், மாற்றலாகி வந்த விமானப்படைக் குடும்பங்கள், ரயில்வே ஊழியர்கள், எழும்பூருக்கும் பூங்கா நிலையத்துக்கும் சீசன் டிக்கெட் எடுத்த குமாஸ்தாக்கள். எல்லோருக்கும் மாதச் சம்பளம். அதிலிருந்து ஐந்தாம் தேதிக்குள் வாடகை.

அந்த நாளைய வீட்டுக்காரரின் கணக்கைச் சட்டமும் போட்டுப் பார்த்தது. 1960-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கட்டிட (குத்தகை மற்றும் வாடகைக் கட்டுப்பாடு) சட்டத்தை வீட்டுக்காரர்கள் திட்டாத நாளில்லை. குடித்தனக்காரரைக் கிளப்ப முடியாது, வழக்குப் போட்டால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்றார்கள்; அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் அந்தச் சட்டத்தில் நியாய வாடகைக்கு ஒரு சூத்திரம் இருந்தது. குடியிருப்புக் கட்டடமானால் மனை மதிப்பும் கட்டுமானச் செலவும் சேர்த்து வரும் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம். கடையோ அலுவலகமோ என்றால் 12 சதவீதம். குடித்தனக்காரரைக் காப்பாற்ற வந்த சட்டம் நியாயம் என்று கருதிய வருமானம் அது. மனை விலை ஏற ஏற, நியாய வாடகை நிர்ணயிக்கச் சொல்லி மனுப்போட்டவர்களில் வீட்டுக்காரர்களே அதிகமானதும் அதனால்தான்.

அதே சட்டத்தில் இன்னொரு எண்ணும் உண்டு. மாதம் 400 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கிறவர் வசதியானவர், அவருக்குச் சட்டத்தின் பாதுகாப்பு வேண்டியதில்லை என்று ஒரு விலக்கு. அது பாரபட்சம் என்று 1986-ல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. அந்த 400 ரூபாய்க்கு இன்று பத்துக் கேன் குடிநீர் கிடைக்கும்.

இன்றைய கணக்குக்கு வருவோம். சேலையூரிலோ ராஜகீழ்ப்பாக்கத்திலோ இரண்டு படுக்கையறை பிளாட் ஒன்றை 60 லட்சத்துக்கு வாங்குவதாக வைத்துக்கொள்ளலாம். முத்திரைத்தீர்வை, பதிவுக் கட்டணம், மர வேலை, மின்விசிறி, ஜன்னலுக்குக் கொசுவலை எல்லாம் தனி. வாடகை 15,000. வருடத்துக்கு 1,80,000. விலையில் அது 3 சதவீதம். ஒரு குடித்தனம் போய் அடுத்தது வருவதற்குள் காலியாகக் கிடக்கும் மாதம், வர்ணம், சொத்து வரி, புரோக்கருக்கு ஒரு மாத வாடகை ஆகியவற்றைக் கழித்தால் இரண்டரைக்குப் பக்கத்தில் நிற்கும். இதில் 40 லட்சம் கடனானால், எட்டரை சதவீத வட்டியில் இருபது வருடத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 34,700. வாடகை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. மீதி இருபதாயிரத்தை மாதாமாதம் சம்பளத்திலிருந்து போட வேண்டும். வாடகை வருமானத்துக்காக என்று சொல்லி வாங்கியவர், உண்மையில் வீட்டுக்கு மாதச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

ஒன்பதிலிருந்து மூன்றுக்கு இறங்கியது எந்தச் சட்டத்தாலும் அல்ல. வாடகை குடியிருப்பவரின் சம்பளத்தோடு நடந்து போனது. விலை கடனின் தோளில் ஏறிப் போனது. 1977-ல் எச்.டி.எஃப்.சி. தொடங்கும்வரை சாமானியருக்கு வீட்டுக்கடன் என்பது அரசு ஊழியர் முன்பணமோ கூட்டுறவுச் சங்கமோதான். தொண்ணூறுகளிலும் வட்டி 14 சதவீதத்தை எட்டியது; வேறு வழியில்லாதவரே வாங்கினார். 2003, 2004-ல் அது எட்டுக்குக் கீழே வந்தபோது, முப்பது வயதில் வீடு வாங்குவது சாத்தியமாயிற்று. நாற்பதில் இரண்டாவது வீடு ஆசையாயிற்று.

அதே சில ஆண்டுகளில்தான் தென்புறநகரின் முகமும் மாறியது. 2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2004-ல் கடற்கரை–தாம்பரம் மீட்டர் கேஜ் வண்டிகள் நின்று அகலப்பாதை வந்தது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் தொழிற்சாலை இருந்த இடத்தைப் பழைய ஆட்கள் இன்றும் அப்படியேதான் அடையாளம் சொல்கிறார்கள். ஹெரால்டு கார்கள் செய்த கம்பெனி. எண்பதுகளின் கடைசியில் உற்பத்தி நின்றது. 2006-ல் இடம் ஏலம் போனது. இப்போது அங்கே ஸ்ரீராம் கேட்வே என்ற மென்பொருள் வளாகமும் அதை ஒட்டி அடுக்குமாடிகளும் நிற்கின்றன. காலையில் சங்கு ஊதியதும் சைக்கிள்கள் நுழைந்த வாசலில் இப்போது அடையாள அட்டையைத் தட்டி நுழைகிறார்கள். சற்றுத் தெற்கே கூடுவாஞ்சேரிப் பக்கம் மென்பொருள் நிறுவனமான சோஹோ. மெப்ஸுக்கு அன்று சுற்றுக் கிராமங்களிலிருந்து பெண்கள் வந்தார்கள். இன்று ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்கள் வருகிறார்கள். ஒரு பிளாட்டில் ஆறு பேர் தங்கி ஆளுக்கு இவ்வளவு என்று கொடுக்கும் ஏற்பாட்டில் மட்டும் மூன்று சதவீதம் ஐந்தாகிறது. அந்த ஏற்பாட்டைத்தான் குடியிருப்போர் சங்கங்கள் கூட்டம் போட்டுத் தடுக்கப் பார்க்கின்றன.

குடியிருப்பவருக்கு இந்த மாற்றத்தில் கிடைத்தது சிறிதல்ல. வீட்டுக்காரர் கீழேயே இருந்தார் என்பதைக் கனிவான நினைவாக மட்டும் எழுதுவது நேர்மையாகாது. ராத்திரி பத்து மணிக்குக் கேட் பூட்டப்படும். மோட்டார் காலையில் அரைமணி, மாலையில் அரைமணி. விருந்தாளி இரண்டு நாளுக்கு மேல் தங்கினால் தண்ணீரைப் பற்றி ஒரு பேச்சு வரும். ‘நீங்க என்ன ஆளுங்க?’ என்ற கேள்வி அட்வான்ஸ் தொகைக்கு முன்னால் கேட்கப்பட்டது. சுவரில் ஆணி அடிக்க அனுமதி வேண்டும். அந்தக் கேட் இன்று இல்லை. கதவைச் சாத்திக்கொண்டால் உள்ளே என்ன சமைத்தாலும், எப்போது வந்தாலும், பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும்தான். சைவம் மட்டும், குடும்பத்துக்கு மட்டும் என்று இணைய விளம்பரத்தில் கட்டம் போட்டுக் கேட்கிறார்கள். சாதியைக் கேட்காமல் தெரிந்துகொள்ளும் வழிகளும் புழக்கத்தில் இருக்கின்றன.

போனது என்னவென்றால், குழாய் ஒழுகினால் மாடிப்படி இறங்கிச் சொன்னால் போதும் என்ற வசதி. மாமா, மாமி என்று கூப்பிட்ட பழக்கம். ஒரு மாத வாடகை தாமதமானால் காரணம் தெரிந்திருக்கும். கேட்பதும் பொறுப்பதும் முகத்தைப் பார்த்து நடக்கும். இப்போது ஒழுகும் குழாய்க்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருந்தால் அங்கே அப்போது விடியற்காலை மூன்று மணியாக இருக்கலாம். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுக்கும்போது முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்துக் கட்டவேண்டியது குடியிருப்பவரின் பொறுப்பு என்பது சட்டம். எத்தனை பேர் அதை அறிந்து செய்கிறார்கள் என்பதை வருமான வரித்துறைதான் சொல்ல வேண்டும்.

அட்வான்ஸ் என்றால் பத்து மாத வாடகை என்பது சென்னையின் எழுதப்படாத விதியாக இருந்தது. வீட்டுக்காரர் அதில் மாடிப்படிக்குக் கைப்பிடி வைப்பார், அல்லது பையனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுவார். குடித்தனம் காலி செய்யும்போது அடுத்த குடித்தனத்தின் அட்வான்ஸிலிருந்து திருப்பிக் கொடுப்பார். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்று வரம்பு போட்டது. ஆனால் இருவரும் வேறு தொகைக்கு ஒப்புக்கொண்டால் அதுவே செல்லும் என்று ஒரு வாசலையும் திறந்து வைத்தது. ஐந்து, ஆறு மாதம் கேட்பது அந்த வாசல் வழியாகத்தான். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்கிறது. பழைய சட்டத்தின் நியாய வாடகை, ஒன்பது சதவீதச் சூத்திரம் எல்லாம் அதோடு போயின. இருவரும் பேசி முடிப்பதே வாடகை. வீட்டுக்காரர்கள் அறுபது வருடம் கேட்ட சுதந்திரம் கையில் கிடைத்தபோது, சந்தை அவர்களுக்கு மூன்றைத்தான் கொடுத்தது.

வரிச் சலுகையை நம்பி வாங்கிய தலைமுறை ஒன்றும் நடுவில் இருந்தது. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டி எவ்வளவானாலும் முழுவதையும் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம் என்பது 2017 வரை இருந்த ஏற்பாடு. அதன்பின் ஆண்டுக்கு 2 லட்சம் என்று வரம்பு. புதிய வருமான வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு அந்த 2 லட்சமும் இல்லை.

ஆக, எல்லாப் பாரமும் விலையேற்றத்தின் மேல்தான் விழுகிறது. பத்து வருடத்தில் இரட்டிப்பாகும் என்று விற்பவர் சொன்னால், அது ஆண்டுக்கு 7.2 சதவீதம். கடன் வட்டியைவிடக் குறைவு. அந்த இரட்டிப்பும் எல்லா பிளாட்டுக்கும் வருவதில்லை. ஏறுவது மண்; செங்கல்லும் கம்பியும் அல்ல. பிளாட்டில் மண் என்பது பத்திரத்தில் ஒரு வரியாக வரும் யு.டி.எஸ்., பிரிபடாத பாகம். பழைய வீட்டுக்காரருக்கு 2,400 சதுர அடியும் அவருடையது. அதே மனையில் ஆறு பிளாட் எழுந்தால் ஒவ்வொருவருக்கும் 400. தளப்பரப்பு விகிதம் ஒன்றரையாக இருந்தபோது ஒரு கிரவுண்டில் 3,600 சதுர அடி கட்டலாம். 2019-ன் கட்டிட விதிகளில் அது இரண்டாகி, 4,800 ஆனது. கட்டுநருக்கு மகிழ்ச்சி. வாங்குபவருக்கு, தான் கொடுக்கும் 60 லட்சத்தில் மண்ணின் பங்கு இன்னும் மெலிந்தது. குளியலறை ஓடுகளை அரைமணி நேரம் தடவிப் பார்க்கிறவர்கள் யு.டி.எஸ். வரியை அரை நிமிடம்கூடப் பார்ப்பதில்லை என்பதை நான் பல முறை கண்டிருக்கிறேன். நாற்பது மாடிக் கோபுரம் வந்தால் அந்த வரி இன்னும் சிறிய எழுத்தில் வரும்.

மண்ணிலும் எல்லா மண்ணும் ஒன்றல்ல என்று 2015 சொல்லிக் கொடுத்தது. டிசம்பர் 1-ஆம் தேதி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரத்தின் தாழ்ந்த நகர்கள் ஆகியவற்றில் அடையாறு தன் பழைய வழியைத் தேடி வந்தது. முதல் மாடி வரை தண்ணீர், படகில் ஆட்கள், மிதந்த கார்கள். அன்றுவரை வீடு பார்க்க வருகிறவர்கள் கேட்டது ஸ்டேஷன் எவ்வளவு தூரம், தண்ணீர் எப்படி என்ற இரண்டு கேள்விகள். அதன்பின் மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: ‘பதினஞ்சுல தண்ணி வந்துச்சா?’ வந்த தெருவில் தரைத்தள வாடகை ஒரு மாதிரி, இரண்டாம் மாடி வாடகை ஒரு மாதிரி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது முடிச்சூர்ப் பகுதியில் மறுபடியும் தண்ணீர் நின்றது. மலிவான மனைப்பிரிவு ஏன் மலிவு என்று வயதானவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஏரியின் கலங்கல் எந்தப் பக்கம், வாய்க்கால் எங்கே வளைகிறது என்று அவர்களுக்குப் பட்டா பார்க்காமலே தெரியும். பிளாட் வாங்க வந்தவர்கள் அவர்களிடம் கேட்கவில்லை.

‘தண்ணீர் எப்படி’ என்ற பழைய கேள்விக்கும் பதில் மாறிவிட்டது. முன்பு கிணற்றில் வாளி விட்டு இறைத்துக் காட்டினால் போதும். இன்று ஆழ்துளைக் கிணறு எத்தனை அடி, உப்பா, லாரி வருமா, மாதம் எத்தனை லாரி, அந்தச் செலவு மெயின்டனன்ஸில் அடங்குமா என்று விசாரணை நீளுகிறது. 2019 கோடையில் ஓ.எம்.ஆர். எனும் பழைய மாமல்லபுரம் சாலையின் கம்பெனிகள் தண்ணீர் இல்லாமல் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னன. மறுவருடமே பெருந்தொற்று வந்து, அதே ஊழியர்கள் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். புறநகரில் பூட்டிக் கிடந்த பிளாட்டுகளுக்கு மாதத் தவணை மட்டும் தவறாமல் போயிற்று. கீழே குடியிருந்து மாடியை வாடகைக்கு விட்டவருக்குப் போர்ஷன் காலியானால் கைச்செலவு குறையும், அவ்வளவுதான். கடனில் வாங்கியவருக்குக் காலி வீடு வேறு விஷயம்.

2021-ல் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து மாநகராட்சி ஆயின. 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தது. பெருங்களத்தூரில் சாலையோரம் மூட்டையோடு நின்று தென்மாவட்டப் பேருந்துக்குக் கைகாட்டிய காலம் போய், ஊருக்குப் புறப்படும் இடமே இந்தப் பக்கம் வந்துவிட்டது. அடுத்து விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை 15.46 கிலோமீட்டர் மெட்ரோ ரயில் திட்டம். அது ஓடுவதற்குப் பல வருடம் முன்பே விளம்பரங்களில் ஓடத் தொடங்கிவிட்டது. மெட்ரோ வந்தால் ஏறும் விலை, வரும் என்ற பேச்சிலேயே ஏறி, அதைக் கொடுத்துத்தான் இன்று வாங்குகிறார்கள். அப்புறம் வண்டி வரும்போது ஏறுவதற்கு என்ன மிச்சமிருக்கும் என்று கேட்டால், விற்பவர் வேறு பக்கம் பார்க்கிறார்.

பழைய வீடுகள் இன்னும் முழுவதும் போய்விடவில்லை. கிழக்குத் தாம்பரத்தின் உட்தெருக்களில், கீழே எண்பது வயதுக்காரரும் மாடியில் ஒரு குடித்தனமுமாகச் சில நிற்கின்றன. அந்த மனையை அவர் சில ஆயிரங்களில் வாங்கியிருப்பார். கட்டியதற்கும் சேர்த்து லட்சத்தைத் தொட்டிருக்காது. அந்தச் செலவோடு ஒப்பிட்டால் மாதம் 12,000 வாடகை என்பது போட்ட பணம் ஒவ்வொரு வருடமும் திரும்பி வருகிற மாதிரி. வெளிநாட்டிலிருக்கும் மகன் வேறு விதமாகக் கணக்குப் போடுகிறார். நல்ல தெருவில் ஒரு கிரவுண்டு ஒரு கோடிக்குக் குறையாது. அதற்கு வருடம் 1,44,000 என்றால் ஒன்றரை சதவீதம்கூட இல்லை, வங்கியில் போட்டால் இதைவிட நாலு மடங்கு வரும் என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் சரியான கணக்குதான்.

அந்த நேரத்தில் கட்டுநர் ஒருவர் வந்து கூட்டுத் திட்டம் பேசுகிறார். இடிப்பது அவர் செலவு, கட்டுவது அவர் செலவு, கட்டி முடிக்கும்வரை வெளியே தங்க வாடகையும் அவர் தருவார். மனையில் பாதியும் கட்டியதில் பாதியும் அவருக்கு. சாலை அகலமும் பக்கவாட்டு இடைவெளியும் இடம் கொடுத்தால், வீட்டுக்காரர் பங்குக்கு 800 சதுர அடியில் மூன்று பிளாட் வரும். முன்பு முழு 2,400 சதுர அடி மண் அவருடையது, இனி யு.டி.எஸ்.ஸாக 1,200. மாடிப் போர்ஷனின் 12,000 வாடகை போய், ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்ற இரண்டையும் வாடகைக்கு விட்டால் அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் வரும். லிஃப்ட் இருக்கும், முட்டி வலிக்கு அது பெரிய விஷயம். கிணற்றை மூடித்தான் கார் நிறுத்துமிடத்துக்குத் தளம் போட முடியும். ஒரு பிளாட்டில் அப்பா இருக்கட்டும், ஒன்றை வாடகைக்கு விடலாம், மூன்றாவதை விற்றுப் பணமாக்கிவிடலாம் என்று மகன் தொலைபேசியில் திட்டம் சொல்கிறார். அப்பா மூன்றாவதையும் வாடகைக்கு விடுவதற்கு ஆள் பார்த்துவிட்டார்: மாடிப் போர்ஷனில் பத்து வருடமாக இருக்கும் அதே குடித்தனக்காரர், இரண்டாயிரம் ரூபாய் குறைத்து.